வாளி மோரும் வாசிக்காத தாளும்

திண்டுக்கல்
21-11-67

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கவரைப் பிரித்தபோது எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பசை தடவி ஒட்டிய மடிப்பில் சிக்கியிருந்த உன் தலைமுடி ஒன்று என் கண்ணில் பட்டது. முழ நீளம் இருந்தது, நுனி மட்டும் செம்பட்டை. அம்மாவிடம் காட்டினேன். டெல்லித் தண்ணீர் சேரவில்லை, எண்ணெய் வைக்கிறாளோ இல்லையோ என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கிச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டாள், அன்று முழுவதும் அப்படியே வேலை செய்தாள். சாயங்காலம் பார்த்தால் விரலில் இல்லை, மாட்டுக்குப் புல் அள்ளிப் போட்டபோது போயிருக்க வேண்டும். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே மூன்று பேருக்கும் நினைப்பு. நாங்களும் இப்போது சுகம். இப்போது என்று எழுதியதற்குக் காரணம் உண்டு, நடுவில் நான்கு நாள் அம்மாவுக்குச் சுகமில்லை. அதை எழுதாதே, அவள் அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படுவாள் என்று முதலில் சொன்னாள், பிறகு அவளே எழுது என்று சொல்லிவிட்டாள்.

வழக்கம்போல அம்மா சொல்கிறாள், நான் எழுதுகிறேன். மடியில் செவ்வந்தியைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டே சொல்கிறாள், பூ தீர்ந்து கை நிற்கும்போது பேச்சும் நின்றுவிடுகிறது, மறுபடி ஒரு கை அள்ளிப் போட்டால்தான் அடுத்த வரி வருகிறது. டெல்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும், இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ரொட்டியையே தின்று வயிற்றைக் காயப் போடாதே, வாரத்தில் ஒரு நாளாவது சோறு பொங்கு. வார்டில் சின்னப் பிள்ளைகள் உன் கையைப் பிடித்து இழுத்தால் கோபப்படாதே, அதுகளுக்கும் அம்மா தூரத்தில்தான் இருக்கிறாள். அப்பா கத்தரிக்காய் மூட்டைகளோடு ஒட்டன்சத்திரம் போயிருக்கிறார், லாரி பழுதாகி நின்றால் நாளைதான் வருவார். அந்த ஊர் மண்டிக்காரர் வீட்டில் படித்த பையன் ஒருவன் இருக்கிறானாம், நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணானாலும் சரி என்கிறார்களாம், உனக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். நீ வழக்கம்போல இதற்கு மட்டும் பதில் எழுத மாட்டாய் என்றும் சேர்த்து எழுதச் சொன்னாள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று முறை வாசித்தேன். நம் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள், ஒவ்வோர் அறைக்குள்ளும் ஓர் இரட்டை நூல் முறுக்கிச் சுருண்டு கிடக்கிறது, அதற்கு டி.என்.ஏ. என்று பெயர், உடம்பு வளர வேண்டுமானால் ஓர் அறை இரண்டாக வேண்டும், அதற்கு முன்னால் அந்த நூல் தன்னைப் போலவே இன்னொரு நூலைச் செய்து வைத்துவிட வேண்டும், அந்த வேலை நடக்கத் துத்தநாகம் என்ற உலோகம் தினமும் ஒரு கடுகளவு சாப்பாட்டில் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். எலிகளுக்கு அது இல்லாத தீனி போட்டுப் பார்த்ததில் புது நூல் செய்வது குறைந்துபோனதாம், எலிகள் வளரவில்லையாம். என்னைப் போன்ற பிள்ளைகளுக்கும் அதே குறைதானா என்று இன்னும் உறுதியாகத் தெரியாது, ஆனால் உங்கள் வார்டு டாக்டரம்மா என்னைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறார் என்றும் எழுதியிருந்தாய். கேட்டதும் அம்மா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். பிறகு, "ஒரு கடுகு கொறஞ்சதுக்கா எம்புள்ள இம்புட்டு வருசம் அப்படியே நிக்கிறா?" என்று கேட்டாள். கேட்டது என்னைப் பார்த்து அல்ல, அடுப்பைப் பார்த்து.

அக்கா, அந்தக் கடிதம் வந்ததிலிருந்து நான் எங்கே பார்த்தாலும் நூலாகவே தெரிகிறது. சோளக்காட்டில் கிளி விரட்டப் பரண்மேல் உட்கார்ந்தால் பொழுது போவது தெரிவதில்லை. பரண் எனக்குப் பிடிக்கும், அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரியாது. தூரத்தில் கோட்டைப் பாறை மேகத்துக்குள் போய்ப் போய் வருகிறது, கீழே சோளத்தாள் ஒன்றோடொன்று உரசுகிறது, அப்போது கண்ணை மூடினால் எனக்குள்ளே இருக்கிற அறைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்ன விளக்கு, விளக்கடியில் ஒரு பெண் ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், பழைய நூலைப் பார்த்துப் பார்த்துப் புது நூல் நூற்க வேண்டியவள். ஆனால் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். அவளுக்குச் சோம்பல் இல்லை, வர வேண்டிய கடுகு வரவில்லை, யாராவது வாசலில் கொண்டுவந்து வைப்பார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலவே இருந்தது. கண்ணைத் திறந்தால் கிளிகள் ஒரு கதிரை முடித்துவிட்டு அடுத்த கதிருக்குப் போயிருந்தன. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. பத்து வயதுப் பாவாடை இன்னும் சரியாக இருக்கிறது. முழங்காலில் ஆடி மாதம் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. அம்மா என்னை விசேஷ வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டாள், என்னிலும் மூன்று வயது இளையவர்கள் பெரியவர்களாகித் தாவணி போட்டுக்கொண்டு பந்தி பரிமாறுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களே என்று. பஸ்ஸில் அப்பா வாயே திறக்க வேண்டியதில்லை, கண்டக்டரே எனக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுகிறார். நான் ஆறாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கணக்கு வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன், உனக்கும் அப்படித்தான் எழுதினேன். கணக்கு நன்றாகத்தான் வந்தது. "ஏலே உழக்கு வந்துருச்சு, படிய எங்கடா" என்று பையன்கள் என் உயரத்தைக் கேலி செய்து தினமும் வாசலிலேயே கேட்பார்கள். ஒரு நாள் வாத்தியாரும் சிரித்துவிட்டார், அதோடு நின்றுவிட்டேன்.

இப்போது வாளிச் சங்கதிக்கு வருகிறேன். துத்தநாகம் குறைச்சல் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது எங்கே கிடைக்கும், என்ன விதை, என்ன கீரை என்று என்னையே கேட்டாள், நான் தெரியாது என்றேன். சந்தைக்குப் போன அன்று பஜாரில் பாத்திரக்கடை அக்பர் அலி பாயிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் பாவம், உள்ளதைத்தான் சொன்னார். "துத்தநாகந்தானம்மா, வாளிக்கு மேல வெள்ளையாப் பூசியிருக்கே, அதேதான். பித்தளையிலகூடச் சேத்து உருக்குவாங்க" என்று. அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பொங்கல் பானை பொங்கியது போல வந்தாள். இத்தனை வருடம் மருந்து வீட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தோம் என்றாள். அம்மாவைத் தெரியுமே உனக்கு, ஈயம் பூசாத பித்தளையில் யாராவது ரசத்தை வைத்துவிட்டால் தெருவே கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவாள், புளிப்பு பட்டால் பாத்திரம் சாப்பாட்டில் இறங்கும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அதையே திருப்பிப் போட்டுவிட்டாள். புளிப்பு பட்டால்தானே இறங்கும், இறங்கட்டும் என்று வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளித்த மோரில் எலுமிச்சம்பழமும் பிழிந்து, ராத்திரி முழுவதும் அதில் ஊற வைத்தாள்.

காலையில் ஒரு செம்பு நிறைய எனக்குக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், பிள்ளைக்குக் கொடுப்பதை முதலில் தான் குடித்துப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு செம்பு குடித்தாள். எனக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை, ஆணியைச் சப்பியது போல இருந்தது, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிட்டேன். என் செம்பில் மிச்சம் இருந்ததைக் கீழே ஊற்ற மனம் வராமல் அதையும் அவளே குடித்தாள். வெயில் ஏறுவதற்குள் குமட்டல் ஆரம்பித்துவிட்டது. பிறகு வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. அப்பா மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடி உன்னுடன் படித்த செபாஸ்தியம்மாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வருவதற்குள் நான் அம்மாவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேனே, அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெளியே வெயில், கன்று கத்துகிறது, அம்மாவின் தலை கனமாக இருக்கிறது, எனக்கு மட்டும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. இது என்னால்தான் என்று நினைத்தேன். வாளியை நினைத்து அல்ல, வேறொன்றை நினைத்து.

செபாஸ்தியம்மாள் அக்கா வந்து அம்மாவின் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் வாளியைக் காட்டினேன். தூக்கி உள்ளே முகர்ந்து பார்த்தார், மோர் நின்ற இடம் வரைக்கும் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. "ஏத்தா, மாட்டுக்கே இதுல மோரு ஊத்த மாட்டாக, ஒனக்கு எவன் சொன்னது?" என்றார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கொடுத்து, உயிருக்கு ஒன்றும் இல்லை, நாலு நாளில் தெளிந்துவிடும் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டில் வருகிற துத்தநாகம் வேறு, வாளியில் கரைகிறது வேறு, கறி, முட்டை, எள்ளு, கடலை, பூசணி விதை இதில் எல்லாம் அது உடம்புக்கு ஆகிற அளவில் இருக்கிறது, அதைச் சாப்பிட வேண்டும், வாளியைச் சாப்பிடக் கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அடுத்தாற்போல என் பக்கம் திரும்பி, உங்க அக்கா இதெல்லாம் விவரமாக எழுதுகிறவளாயிற்றே, எழுதவில்லையா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படுத்துக் கிடந்த அம்மாதான் பதில் சொன்னாள். "எழுதியிருந்தா எம்மக வாசிச்சிருப்பா."

அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது அக்கா. சண்டைக்கு வந்த குரல் இல்லை, சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

இப்போது அம்மா பக்கத்தில் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, நனைவதற்குள் மிச்சப் பூவையும் பறித்துவிடுகிறேன் என்று கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். போகும்போது கடைசியாக ஒன்று எழுதச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது இது: நோயைச் சொன்னாய், சரி, என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாளியைத் தேடிப் போயிருப்பேனா, படித்த பிள்ளை இப்படிப் பாதியில் விடலாமா, இனிமேலாவது முழுசாக எழுது. இதை உன்னிடம் கோபமாக எழுத வேண்டும் என்று வேறு சொன்னாள். நீ முழுசாகத்தான் எழுதியிருந்தாய். உன் கடிதம் இரண்டு தாள். நான் அம்மாவுக்கு மூன்று முறை வாசித்தது முதல் தாளை மட்டும். இரண்டாவது தாளை மனத்துக்குள் வாசித்துவிட்டு, கம்புப் பானை அடுக்கின் அடியில் வைத்துவிட்டேன்.

அதில் நீ எழுதியது எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். ஈரான் தேசத்துக் கிராமங்களில் இருபது வயது வாலிபர்கள் பத்து வயதுப் பையன்களைப் போல இருந்ததை டாக்டர்கள் பார்த்தார்கள், அவர்கள் வெறும் ரொட்டியையே தின்றவர்கள், அதோடு களிமண்ணும் தின்கிற பழக்கம் இருந்தது, இருக்கிற கொஞ்சம் துத்தநாகத்தையும் மண் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறதோ என்று சந்தேகம். தங்கை அய்யம்மாளுக்குச் சின்ன வயதில் அந்தப் பழக்கம் இருந்ததே, இன்னும் இருக்கிறதா, அம்மாவும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். இன்ன இன்னது சாப்பிடக் கொடுங்கள், நீங்களாக மருந்து எதுவும் செய்துவிடாதீர்கள், பதில் வந்ததும் டாக்டரம்மாவிடம் சொல்லி அவளை இங்கே வரவழைத்துப் பார்க்கிறேன், இன்னும் வயது கடந்துவிடவில்லை, இப்போது பிடித்தால் வளர இடம் இருக்கிறது என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாய்.

இருக்கிறது அக்கா. எட்டு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்து தேறியபோது, கிணற்றடிப் புற்றிலிருந்து ஒரு துளி மண்ணை அம்மா வெள்ளிக்கிழமைதோறும் என் நாக்கில் வைத்தாளே, அந்த ருசியில் ஆரம்பித்தது. அம்மாமேல் குற்றம் என்று எழுதவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் வைத்தார்கள். பிறகு சுவர் மண், ஓட்டுச் சில், குளவிக்கூடு. முதல் மழை விழுந்து மண் வாசம் எழும்பினால் எனக்கு வாய் ஊறும், சோறு எதுவும் அந்த மாதிரி ருசிக்காது. ஒரு நாள் அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள், அடிக்கவில்லை, அழுதாள். இனித் தின்ன மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். பதினோரு வயதில். அந்த வாரமே மறுபடி தின்றேன். தானியப் பானைக்குப் பின்னால் சுவரில் என் கை போகிற அளவு ஒரு குழி இருக்கிறது, சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறேன், அதை அம்மா பெருச்சாளி பறித்தது என்று இரண்டு முறை பூசினாள். அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும், தேள் கொட்டினாலும், என் சத்தியம்தான் அவளைக் கொல்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்று கொட்டிலில் அவள் தலை என் மடியில் கிடந்தபோதும் அதைத்தான் நினைத்தேன். வாளிதான் காரணம் என்று செபாஸ்தியம்மாள் அக்கா சொன்னதும் மனம் ஒரு நிமிடம் லேசாகிவிட்டது. அடுத்த நிமிடம், வாளிக்குக் காரணம் யார் என்று கேட்டுக்கொண்டேன், அது முன்னைவிடக் கனமாகிவிட்டது.

பரணில் கண்ணை மூடினால் இப்போது அந்த அறைகளின் கதவுகளில் எல்லாம் மண் அப்பியிருக்கிறது, குளவி கூடு கட்டினது போல. உள்ளே விளக்கு எரிகிறது, நூற்கிற பெண்கள் கதவைத் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு நாளாக நான் மண் தொடவில்லை. இதைச் சத்தியமாக எழுதவில்லை, எனக்குச் சத்தியம் செய்யும் யோக்கியதை இல்லை, தொடவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். நேற்று மழை பெய்தபோது வாயில் துணியை அடைத்துக்கொண்டு அப்பா வருகிற வழியில் போய் நின்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இதை எல்லாம் உனக்கு மட்டும் எழுதியிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாமல் நீ டாக்டரம்மாவிடம் சொல்லி, மருந்தை அனுப்பிவிடு, நான் சாப்பிட்டு வளர்ந்துவிடுகிறேன் என்று. அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத தான் சொன்னதை எல்லாம் நான் அப்படியே எழுதுகிறேன் என்று நம்பித்தான் அம்மா பூப்பறிக்கப் போயிருக்கிறாள். நான் ஐந்து வரி எழுதினால், "இம்புட்டா சொன்னேன் நானு?" என்று காகிதத்தைப் பார்ப்பாள், அதோடு சரி. உன்னைக் கோபித்து எழுதச் சொன்ன அந்த வரியை மேலே எழுதியிருக்கிறேன், ஆனால் அந்தக் கோபம் உனக்குச் சேர வேண்டியது இல்லை. அது இங்கேயே, இந்த வீட்டிலேயே, சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். அம்மா அழுதால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அப்பா, நாம் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கும் எனக்கும் சேர்த்தே ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறினார். அம்மா, ஆயிரங்கண்ணுடையாள் ஒரு கண்ணை டெல்லிப் பக்கமே வைத்திருக்கட்டும், எம்மகள் போகிற இடமெல்லாம் நிழலாக இருக்கட்டும் என்று எழுதச் சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறந்துவிடாதே, மண்டிக்காரர் வீட்டுச் சங்கதிக்குப் பதில் எழுது, இந்த இரண்டையும் நினைவுபடுத்தச் சொன்னாள்.

அம்மா பழனியம்மாள் சொல்ல எழுதிய, சொல்லாததையும் எழுதிய,
உன் தங்கை
அய்யம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். கவரை ஒட்டாமல் வைத்துவிட்டு, பானைகளை ஒவ்வொன்றாக இறக்கி, உன் இரண்டாவது தாளை எடுத்தேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தாளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி, அம்மாவைப் பூக்கூடையோடு புளியமரத்தடிக்குக் கூட்டி வந்து உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தேன்.